பீதரின் கறுப்பு பூசியது அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த, கர்நாடகத்தின் பீதர் ஊரைப் பற்றிய பயணக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். பாறையிலேயே வெட்டிய மூன்றடுக்கு அகழியையும் செம்பூராங்கல் மதிலையும் கண்முன் கொண்டுவந்துவிட்டார் எழுதியவர். ஆனால் கறுப்பு உலோகத்தில் வெள்ளி பதிக்கும் அந்த ஊரின் பித்ரி வேலைக்கு அவர் ஒதுக்கியது ஒரே ஒரு வரி. அந்த வரியிலும் "கறுப்புச் சாயம் பூசி வெள்ளிப் பூ பதித்த பாத்திரங்கள்" என்று எழுதிவிட்டார். பித்ரியில் சாயமே கிடையாது. இதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

நான் நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்க்கும் வீட்டில் பிறந்தவள். காவிரி வண்டல் மண்ணில் அச்சுப் பிடித்தால்தான் எங்கள் விளக்கு விளக்காக வரும் என்று கேட்டே வளர்ந்தேன். அப்பா மண்ணை உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடிப்பார். கையைத் திறக்கும்போது விரல் தடம் உடையாமல் நின்றால்தான் அந்த மண் பட்டறைக்குள் வரும். அதனால், ஹைதராபாத்தில் வேலை பார்க்கும் தம்பி வீட்டுக்குப் போனபோது, "பீதரில் கோட்டை மண்ணை வைத்து ஒரு வேலை செய்கிறார்களாம், போய்ப் பார்ப்போமா அக்கா?" என்று அவன் கேட்டதும் கிளம்பிவிட்டேன். காரில் மூன்று மணி நேரம்.

தக்காணத்தை ஆண்ட பாமினி சுல்தான் அகமது ஷா 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் குல்பர்காவிலிருந்து தலைநகரை மாற்றிக்கொண்டு வந்த ஊர் அது. கோட்டைக்கு ஒரு மதில், அதை ஒட்டிய பழைய ஊருக்கு இன்னொரு மதில். ஊர் நடுவே சௌபாரா என்கிற உருண்டையான காவல் கோபுரம். அங்கிருந்து மகமூது கவானின் மதரஸா பக்கம் நடந்தால் பித்ரிக் கடைகள் கண்ணில் படும். நாங்கள் போனது வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகைக்காகப் பட்டறையைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். சரி, அதுவரை மதரஸாவைப் பார்ப்போம் என்று உள்ளே போனோம்.

1472இல் கட்டிய கல்லூரி அது. மூன்று மாடி. கவான் பாரசீகத்தின் கீலான் பகுதியிலிருந்து வியாபாரியாக வந்து, பாமினி அரசின் பிரதம மந்திரியாக உயர்ந்தவர். முகப்பு முழுக்க நீலமும் பச்சையும் மஞ்சளுமாக ஓடு பதித்திருக்கிறார். ஔரங்கசீப் காலத்தில் உள்ளே வைத்திருந்த வெடிமருந்து வெடித்துப் பாதிக் கட்டடம் போய்விட்டது. மிஞ்சிய ஒரு மினாரில் அந்த ஓடுகள் இன்னும் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வெயில் பட்டபோது அந்த நீலம் மட்டும் தனியாகத் தெரிந்தது. கவானின் முடிவு கொடுமையானது. அவர் முத்திரையிட்ட வெற்றுத்தாளில் எதிரிகள் துரோகக் கடிதம் ஒன்றை எழுதிச் சுல்தானிடம் காட்டினார்கள். 1481இல் தலையை வெட்டிவிட்டார்கள். அதே ஆண்டுப் படையெடுப்பில்தான் பாமினிப் படை நம் காஞ்சிபுரம் வரை வந்து சூறையாடியது. நம் ஊர்க் கதையின் ஒரு முனை இங்கே கிடக்கிறதே என்று அந்த முற்றத்தில் நின்றபோது தோன்றியது.

தொழுகை முடிந்து பட்டறைக்காரர் வந்தார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். தக்கினி உருது பேசினார், தம்பி எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தான். விளக்கு வார்க்கிற வீட்டுப் பெண் என்று தெரிந்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

துத்தநாகம் பதினாறு பங்கு, செம்பு ஒரு பங்கு. மண் அச்சில் வார்த்து அரத்தால் ராவினால் வெளிறிய சாம்பல் நிறத்தில் ஒரு தட்டு கிடைக்கிறது. அதன்மேல் மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலைத் தடவுகிறார்கள். கொஞ்ச நேரத்துக்குக் கறுப்பாகும். அது கோடு தெரிவதற்காக மட்டுமே. பிறகு கூர்முனைக் கம்பியால் கையாலேயே கொடியும் பூவும் வரைகிறார்கள், அச்சுத்தாள் எதுவும் இல்லை. உளியால் கோட்டைப் பள்ளமாக்கி, அதில் வெள்ளிக் கம்பியை வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி இறக்குகிறார்கள். அதை தார்கஷி என்கிறார்கள். எல்லாம் முடிந்து மறுபடி ராவியதும் முதலில் தடவிய கறுப்பு போய்விடுகிறது. வெள்ளியும் சாம்பலும் ஒரே நிறமாகி, அவ்வளவு பாடுபட்டுப் பதித்த பூ கண்ணுக்கே தெரிவதில்லை. எனக்கு வயிறு கலங்கியது. அவர் சிரித்துக்கொண்டே ஒரு டப்பாவைத் திறந்தார்.

உள்ளே மண். கோட்டைக்குள் வெயிலும் மழையும் பல காலம் படாத இடத்திலிருந்து எடுத்த மண். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். நல்ல மண்ணா என்று ருசியில்தான் கண்டுபிடிப்பார்களாம். என் அப்பாவுக்குக் கை எப்படியோ இவருக்கு நாக்கு அப்படி. அந்த மண்ணோடு நவச்சாரம் (அம்மோனியம் குளோரைடு) கலந்து தண்ணீரில் கொதிக்க வைத்து, தட்டைச் சூடேற்றி உள்ளே இறக்கினார். வெளியே எடுத்துக் கழுவியபோது தட்டு கரிக்கறுப்பு, பூ மட்டும் பளீரென்ற வெள்ளை. மண்ணில் இருக்கிற உப்புகள் நவச்சாரத்தோடு சேர்ந்து கலவை உலோகத்தை மட்டும் கறுக்க வைக்கின்றன, வெள்ளியைத் தொடுவதில்லை. ஆசிரியர் அவர்களே, அந்தக் கறுப்பு உலோகத்துக்குள்ளிருந்து வருவது. அதைச் சாயம் என்று எழுதினால், நாக்கில் மண்ணை வைத்துப் பார்த்த அந்த மனிதரின் பாதி வேலை இல்லாமல் போய்விடுகிறது.

எழுத்தில் வரும் இந்தத் தவறால் கைத்தொழிலுக்கு நிஜமாகவே நஷ்டம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு ஊர்க் கடையில் "பித்ரி" என்று சொல்லி ஒரு குங்குமச் சிமிழ் விற்றார்கள். வாங்கி வந்து எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். துணியெல்லாம் கறுப்பு, அடியில் ஏதோ மலிவான தகரம். சாயம் பூசினால் போதும் என்று ஜனங்கள் நம்பினால், பூசியதையே பாதி விலைக்கு வாங்கிக்கொண்டு போவார்கள். வெள்ளி விலை இன்று ஏறியிருக்கிற ஏற்றத்தில், நிஜ வேலைக்காரர் அந்த விலைக்கு எப்படிக் கொடுப்பார்? 2023இல் பீதரைச் சேர்ந்த ஷா ரஷீத் அகமது காத்ரிக்குப் பித்ரி வேலைக்காக பத்மஸ்ரீ அறிவித்தபோது நான் அவ்வளவு சந்தோஷப்பட்டேன். ஆனால் நான் பார்த்த பட்டறையில் உளி பிடிக்க இளவயதுக்காரர் ஒருவர்கூட இல்லை. எங்கள் தெருவிலும் இதே கதைதான் என்பதால் அது எனக்குக் கூடுதலாக வலித்தது.

இன்னும் இரண்டு இடங்களைக் கட்டுரை விட்டுவிட்டது. கோட்டைக்குள் ரங்கீன் மகால் பெரும்பாலும் பூட்டியிருக்கும், அங்குள்ள ஊழியரைக் கேட்டால் திறந்து காட்டுகிறார். கரும்பாறையில் முத்துச்சிப்பியை இழைத்துப் பதித்திருக்கிறார்கள். பித்ரித் தட்டைப் பார்த்துவிட்டு அங்கே போனால், அதையே சுவரில் செய்திருப்பது போல இருக்கும். ஊருக்கு வெளியே அஷ்டூரில் அகமது ஷாவின் கல்லறை இருக்கிறது. முஸ்லிம்கள் அவரை 'வலி', அதாவது இறைநேசர், என்று போற்றுகிறார்கள், சிவனை வழிபடும் லிங்காயத்துகள் தங்கள் ஞானி அல்லமபிரபு என்று கும்பிடுகிறார்கள். அவரது நினைவு நாளான உர்ஸ் விழாவுக்கு ஒரு ஜங்கமர் (லிங்காயத் குரு) கூட்டத்தோடு நடந்து வந்து சேருவது வழக்கம். உள்ளே கூரை முழுக்கத் தங்க நிறத்தில் எழுத்தும் கொடியுமாக ஓவியம். கண் பழக ஐந்து நிமிடம் ஆகும். அவசரப்பட்டு வெளியே வந்துவிடாதீர்கள்.

அந்த ஒரு வரியை அடுத்த இதழில் திருத்திப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். முடிந்தால் பட்டறையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து எழுதக்கூடிய ஒருவரை அனுப்புங்கள்.

உங்கள் வாசகர்கள் பித்ரி வாங்கினால் பட்டறையிலேயே வாங்கட்டும். வீட்டுக்கு வந்ததும் நம் பித்தளைப் பாத்திரம் மாதிரி நினைத்துப் புளி போட்டுத் தேய்த்துவிட வேண்டாம், புளிப்பு அந்த உலோகத்தை அரித்துவிடும். கறுப்பு மங்கினால் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் போதும். நான் வாங்கி வந்த தட்டு இப்போது சாமி மாடத்தில், அப்பா வார்த்த விளக்குக்குக் கீழே இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நாச்சியார்கோவில்