பின்னல் கட்டியை இழுத்துப் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நெல்லை வட்டாரப் பொறியியல் கண்காட்சிகளில் 3டி பிரிண்டரில் அச்சிட்ட பின்னல் கட்டிகளின் (மெல்லிய குச்சிகளைக் கோத்த, உள்ளே வெற்றிடமுள்ள கட்டிகள்) மேல் நாலு செங்கலை ஏற்றி, "எடை குறைவு, ஆனால் தாங்குகிறது" என்று மாணவர்கள் காட்டுகிறார்கள். அதே கட்டியை இழுத்துக் காட்டுவதில்லை. இழுத்தால் ஒரு குச்சி ஒடியும், அதன் சுமை பக்கத்துக் குச்சிக்குப் போகும், விரிசல் நேர்கோட்டில் ஓடிக் கட்டி இரண்டாகிவிடும். குச்சிச் சட்டகம் விறைப்பைத் தரும், நீட்சியைத் தராது.

இரண்டும் சேர்ந்து கிடைக்கும் என்பதை 2025இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. (மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம்) ஆய்வாளர்கள் காட்டினார்கள். குச்சிச் சட்டகத்தையும் அதைச் சுற்றி ஓடும் சுருள் இழைகளையும் ஒரே பிளாஸ்டிக்கில் நுண்ணிய அளவில் ஒன்றாகவே அச்சிட்டார்கள். அக்ரிலிக் போல முறியும் பொருள் நான்கு மடங்குக்கு மேல் நீண்டது. குச்சிகள் அங்கங்கே ஒடிய, சுருள்கள் அந்தத் துண்டுகளில் சிக்கி உரசிக்கொண்டே நீள்கின்றன. நம் ஊர் நார்க்கட்டிலில் ஒரு நார் அறுந்தாலும் படுத்தவர் கீழே விழுவதில்லை. பின்னலின் உராய்வு அறுந்த நுனியைப் பிடித்துக்கொள்கிறது. வேலை செய்வது அதே உராய்வுதான்.

ரெசின் என்னும் பிசின் திரவத்தை ஒளியால் இறுக்கி அச்சிடும் சாதாரண ரெசின் பிரிண்டரில் இதைப் பெரிதாக்கிச் செய்து பார்க்கலாம். ஒரு கட்டத்தின் அளவு 10 மி.மீ., குச்சியின் தடிமன் 0.8 மி.மீ., சுருள் இழையின் தடிமன் 0.6 மி.மீ., இரண்டுக்கும் நடுவே 0.5 மி.மீ. இடைவெளி என்று தொடங்கலாம். பெரும்பாலும் கெடுவது இந்த இடைவெளியில்தான். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நன்றாகக் கழுவாவிட்டால், தங்கிய ரெசின் புற ஊதா ஒளியில் இறுகிச் சுருளைக் குச்சியோடு ஒட்டிவிடும். ஒட்டிய சுருள் நீளாது, வெறும் தடித்த குச்சி அது. ஒளியில் அதிக நேரம் வைத்தாலும் மொறுமொறுவென்று ஆகிவிடும். குச்சிகள் கூடும் மூலைகளை வளைத்து உருட்டுங்கள், கூர்மூலையில்தான் முதல் விரிசல் விழும்.

சிவில் லேபின் யூ.டி.எம். (பொருளை இழுத்துச் சோதிக்கும் இயந்திரம்) இரும்புக் கம்பிக்கானது, சில கிலோ விசை அதில் தெரியாது. தொங்கு தராசும் 8 மி.மீ. போல்ட்டும் போதும். போல்ட்டைத் திருகிக் கட்டியை இழுத்தால் ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ. நகரும், சுற்றுக்குச் சுற்று எடையைக் குறித்தால் வரைபடம் தயார். அதன் கீழுள்ள பரப்புதான் கட்டி உடையும்வரை உள்வாங்கிய ஆற்றல். நடுவர்கள் செங்கலைப் பார்த்து மதிப்பெண் போடாமல் அந்த வரைபடத்தைக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
இயந்திரவியல் ஆசிரியர்கள் சிலர்,
பாளையங்கோட்டை