இன்காவாசிப் பாறைத் தீவுக்கு அப்பாவை அழைத்துச் சென்றவர்களுக்கு நன்றி

உயுனியிலும் கொல்சானியிலும் எங்களுக்குத் துணைநின்ற அனைவருக்கும் வணக்கம்.

என் அப்பா முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் புவியியல் ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பொலிவியாவின் தென்மேற்கிலுள்ள உயுனி உப்புவெளி 10,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்தது, உலகிலேயே பெரியது என்று ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்லிவந்த அவருக்கு, அதன் நடுவே நிற்கும் இன்காவாசிப் பாறையின் மேல் ஒருமுறையேனும் நின்றுவிட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. சென்ற ஆகஸ்டில் அது நிறைவேறியது. நிறைவேற்றியவர்கள் நீங்கள்தாம் என்பதால் இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி உயுனியில் இருந்த செவிலியர் அம்மாவுக்கு. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,650 மீட்டர் உயரமுள்ள அந்த ஊரில் வந்து இறங்கிய மறுநாளே உப்புவெளிக்குப் புறப்படுமாறு எங்கள் பயண முகவர் நிரல் வகுத்திருந்தார். அப்பாவின் வயதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. அன்றிரவே தலைவலியும் வாந்தியும் வந்து, மூச்சு விடவும் அப்பா சிரமப்பட்டார். நள்ளிரவில் கதவைத் தட்டிய எங்களிடம் முகம் சுளிக்காமல், ஆக்சிஜன் வைத்து, விடியும்வரை அருகிலேயே அமர்ந்திருந்தீர்கள். "இரண்டு நாள் எங்கும் போகக்கூடாது" என்று நீங்கள் கண்டிப்பாகச் சொன்னதுதான் எங்கள் பயணத்தைக் காப்பாற்றியது.

அந்த இரண்டு நாளும் எங்களுக்காகக் காத்திருந்த பிரேசில் மாணவிகள் இருவருக்கும் நன்றி. வண்டியில் உடன்வர வேண்டியவர்கள் என்பதைத் தவிர எங்களுக்கும் உங்களுக்கும் எந்த உறவும் இல்லை; ஆனாலும் சொந்தத் தாத்தாவுக்குச் செய்வதுபோல உங்கள் திட்டத்தையே மாற்றிக்கொண்டீர்கள். உப்புவெளியின் ஓரத்துச் சிற்றூரான கொல்சானியில் வீட்டு வாசலில் உப்புப் பொட்டலம் கட்டும் வேலையை நிறுத்திவிட்டு, கோகா இலைத் தேநீரும் சூடான கீன்வாக் கஞ்சியும் தந்து, காசு வாங்க மறுத்த அம்மாவையும் நாங்கள் மறக்கவில்லை.

ஓட்டுநர் அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கொல்சானியிலிருந்து தீவு வரை சுமார் 70 கிலோமீட்டருக்குச் சாலை என்று ஒன்று கிடையாது. டயர்த் தடங்களும், வடக்கே 5,300 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் துனுப்பா எரிமலையும்தாம் வழிகாட்டி. அடியிலிருந்து நீர் கொப்பளித்து வரும் 'உப்பின் கண்கள்' இருக்கும் பகுதியில் நீங்கள் இறங்கி, கடப்பாரையால் தட்டிப் பார்த்து, ஓசையை வைத்தே எது உறுதியான தரை என்று கண்டுகொண்டதை அப்பா இன்னும் வியந்து பேசுகிறார். தேன்கூட்டு அறைகள்போல வரம்பு கட்டிக் கிடந்த உப்பின்மேல் அவர் நடந்து பார்க்க வேண்டும் என்பதற்காக இருமுறை வண்டியை நிறுத்தினீர்கள்.

தீவில் நுழைவுச் சீட்டுக் கொடுத்த அம்மா, அப்பாவைப் பார்த்ததும் கள்ளிமரக் கைத்தடி ஒன்றை நீட்டினார். நெடுகிலும் நீள்வட்டத் துளைகள் கொண்ட அந்தத் தடியை ஊன்றி, பத்து அடிக்கு ஒருமுறை அமர்ந்து அமர்ந்து அப்பா மேலே ஏறினார். ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும் என்று அங்குள்ளவர்கள் சொல்லும் கள்ளிகள் இருபுறமும் பனைபோல உயர்ந்து நின்றன. உச்சியில், பவளம்போலச் சொரசொரப்பாக இருந்த பாறையின்மேல் அவர் உள்ளங்கையை வைத்தபடி வெகுநேரம் பேசாமல் நின்றார். பிறகு, வகுப்பறையில் பேசும் அதே குரலில், ஏறத்தாழ 15,000 ஆண்டுகளுக்கு முன் இவ்விடமெல்லாம் தௌக்கா என்னும் பேரேரியாக இருந்ததையும், அதன் பாசிகள் படியவிட்ட சுண்ணாம்பே இப்பாறையை மூடியிருப்பதையும் விளக்கினார். நான் அதை ஆங்கிலத்தில் சொல்ல, மாணவிகளில் ஒருவர் ஸ்பானியத்தில் ஓட்டுநர் அண்ணனுக்குச் சொன்னார்.

கவனமாகக் கேட்ட அண்ணன், தம் பாட்டி சொன்ன கதை வேறு என்றார். துனுப்பா ஒரு பெண். கைக்குழந்தையைப் பிரிந்து அவள் அழுத கண்ணீரும் அவளுடைய தாய்ப்பாலும் கலந்து பரவியதே இந்த வெண்மை என்று அவர் சொன்னது, அதே மொழிகளின் வழியே திரும்பி அப்பாவிடம் வந்து சேர்ந்தது. அப்பா கண்கலங்கியதை நான் பார்த்தேன்.

இம்மடலை அந்த மாணவி ஸ்பானியத்தில் பெயர்த்து உங்களுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். அண்ணன் சொன்ன கதையை அப்பா தம் குறிப்பேட்டில், ஏரியைப் பற்றிய குறிப்புக்கு எதிர்ப்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். அதையும் இத்துடன் இணைத்துள்ளோம். பாட்டி சொன்னதிலிருந்து ஏதேனும் மாறியிருந்தால், திருத்தி அனுப்பும்படி அப்பா கேட்டுக்கொள்கிறார்.

நன்றியுடன்,
ஆசிரியரின் மகள்