சர்க்கரையின் நிறம் தீர்ப்பாகலாமா? சுங்க நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

உலகச் சுங்க அமைப்பில், சரக்குகளைக் குறியீட்டு எண்களால் வகைப்படுத்தும் எச்.எஸ். முறையைக் கவனிக்கும் எச்.எஸ். குழுவினருக்கும், உறுப்பு நாடுகளின் சுங்கத் துறைத் தலைவர்களுக்கும், சுங்க ஆய்வகப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

வெள்ளைச் சர்க்கரை என்று 1701.99 என்ற எச்.எஸ். குறியீட்டின் கீழ் நாங்கள் அறிவித்த சரக்கு, கச்சாச் சர்க்கரை என்று முடிவுகட்டப்பட்டு, தவறான அறிவிப்புக்கு விளக்கம் கேட்கும் நோட்டீஸுடன் துறைமுகத்தில் நிறுத்தி வைக்கப்பட்டது. அந்த நிகழ்வே இம்மடலை எழுத வைத்தது. எந்தத் துறைமுகம், எந்த அதிகாரி என்று இங்கே குறிப்பிட விரும்பவில்லை, ஏனெனில் என் குறை தனி மனிதர் எவர் மீதும் அல்ல. எழுதப்பட்ட விதி ஒன்றாகவும் மேசையில் நடப்பது வேறாகவும் இருப்பதே என் குறை.

அந்த விதியை நான் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உலர்நிலையில், அதாவது ஈரத்தைக் கழித்துப் பார்க்கையில், எடை அளவில் உள்ள சுக்ரோஸ் (சர்க்கரையின் இனிப்புப் பொருள்), அதை ஒளியின் திருப்பத்தைக் கொண்டு அளக்கும் போலாரிமீட்டர் கருவியில் 99.5 பாகைக்குக் குறைவான அளவீட்டுக்கு ஒத்திருந்தால் அது கச்சாச் சர்க்கரை என்று 17-ஆம் அத்தியாயத்தின் முதல் துணைத்தலைப்புக் குறிப்பு சொல்கிறது. அதில் நிறத்தைப் பற்றியோ, படிகத்தின் பருமனைப் பற்றியோ, ஆலையின் வகையைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் மாதிரியைக் கையில் எடுத்தவுடன், 'இது மஞ்சளாக இருக்கிறதே' என்பதிலிருந்துதான் விசாரணை தொடங்குகிறது. இகும்சா என்ற சர்வதேச அளவுமுறையில் 45 தரத்துச் சர்க்கரை பளிச்சென்று வெண்மையாக இருக்கும், 150 தரத்துச் சர்க்கரை சற்று மங்கலாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் இகும்சா எண் நிறத்தின் அளவு. சுக்ரோஸின் அளவைத் தனியே அளந்தால்தான் தெரியும். உலர்நிலையில் 99.5 அல்லது அதற்கு மேல் இருந்து, மணமோ நிறமோ சேர்க்கப்படாதிருந்தால், அவ்விரண்டும் 1701.99-க்கே உரியவை. வணிகத்தில் கச்சா என்ற பெயரிலேயே விற்கப்படும் உயர்தூய்மைச் சர்க்கரைகளில் சில இந்த எல்லையைத் தாண்டிவிடுகின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கண்ணையும் வணிகப் பெயரையும் நம்பி வகைப்படுத்துவது இரு தரப்புக்கும் இழப்பு என்பது புலப்படும்.

எங்களை மிகவும் வருத்தியது 'உலர்நிலையில்' என்ற நிபந்தனை புறக்கணிக்கப்பட்டதுதான். ஏற்றுமதிச் சான்றிதழில் எங்கள் சர்க்கரையின் அளவீடு உலர்நிலையில் 99.6. நிறத்தின் மீது எழுந்த ஐயத்தால் பெட்டகங்கள் மழைக்காலத்து ஈரக் காற்றில் முற்றத்தில் காத்துக் கிடந்தன. சர்க்கரை ஈரத்தை இழுக்கும் பொருள் என்பது ஆய்வகங்களுக்குத் தெரியாததன்று. அதற்குப் பிறகு எடுத்த மாதிரியில் அளவீடு 99.4 என்று அறிக்கை வந்தது. அந்த மாதிரியில் ஈரப்பதம் 0.2 விழுக்காடு இருந்தாலே போதும், 99.4-ஐ 0.998-ஆல் வகுத்தால் மீண்டும் 99.6 கிடைத்துவிடும். ஆனால் அறிக்கையில் ஈரப்பதத்துக்கு ஓர் இடமே இல்லை. முறைப்படியான 20 டிகிரி செல்சியஸில் அளக்கப்பட்டதா என்ற குறிப்பும் இல்லை, சில டிகிரி வெப்ப வேறுபாடே பத்தில் ஒரு பாகையை மாற்றக்கூடும் என்ற நிலையிலும். தாமதத்தால் ஏறிய ஈரமே எங்களுக்கு எதிரான சான்றாக மாறியது. அந்தத் தாமதத்துக்கான டெமரேஜ் கட்டணத்தையும் நாங்களே கட்டினோம், மூட்டைகளுக்குள் சர்க்கரை இறுகிக் கட்டியானதையும் நாங்களே ஏற்றுக்கொண்டோம்.

ஆகவே எங்கள் முதன்மைக் கோரிக்கை இதுதான்: வகைப்படுத்தலுக்காகத் தரப்படும் ஒவ்வோர் ஆய்வறிக்கையிலும் போலாரிமீட்டர் அளவீடும், ஈரப்பதமும், அவற்றிலிருந்து கணக்கிட்ட உலர்நிலை அளவும், அளந்தபோதிருந்த வெப்பநிலையும் எழுதப்பட வேண்டும். உலர்நிலை அளவு இல்லாத அறிக்கையைக் கொண்டு யார் மீதும் தவறான அறிவிப்புக் குற்றம் சாட்டக் கூடாது.

இதைப் பெரிய சலுகையாக நாங்கள் கேட்கவில்லை. 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தில், மையவிலக்கு இயந்திரத்தில் சுழற்றிப் பாகைப் பிரிக்காமல் எடுக்கப்படும் கரும்புச் சர்க்கரைக்கு 1701.13 என்று தனி இடம் அளித்தபோது, 69 முதல் 93-க்குள் என்று அளவீட்டையும், கண்ணுக்குத் தெரியாத நுண்படிகங்களின் ஒழுங்கற்ற வடிவத்தையும்கூட வரையறுத்தீர்கள். அத்தனை நுணுக்கம் காட்டப்பட்ட அதே அத்தியாயத்தில், ஏற்கெனவே எழுதப்பட்டுள்ள ஒரு நிபந்தனையைப் பின்பற்றச் சொல்லி வணிகர்கள் மன்றாட வேண்டியிருப்பது நியாயமா?

மறு ஆய்வைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2017-இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதி ஒப்பந்தம், முதல் ஆய்வு பாதகமாக வந்தால் இரண்டாவது ஆய்வுக்கு வாய்ப்பு 'அளிக்கலாம்' என்றுதான் சொல்கிறது. அந்தத் தளர்வின் நிழலில் எத்தனை விண்ணப்பங்கள் பதிலின்றிக் கிடக்கின்றன! சரக்கு வருமுன்பே அதற்குரிய குறியீட்டைச் சொல்லும் முன்கூட்டிய தீர்ப்பை உரிய காலத்துக்குள் வழங்குவது அதே ஒப்பந்தத்தின்படி கடமை. ஆயினும் கேட்டவர் பல இடங்களில் கப்பல் வந்து சேர்ந்த பிறகும் காத்திருக்கிறார். குறியீட்டின் ஆறு இலக்கங்களில் ஒன்று மாறினால் தீர்வை மட்டும் மாறுவதில்லை, உரிமமும் ஒதுக்கீடும் வங்கியின் கடன் உறுதிக் கடிதத்தோடு ஒத்துப்போக வேண்டிய ஆவணங்களும் சேர்ந்தே குலைகின்றன. சிறு இறக்குமதியாளர் ஒருவரால் ஒரு முறை விழுந்து எழ முடியும், இரண்டாம் முறை முடியாது.

கோபத்தில் சற்று நீட்டிவிட்டேன், பொறுத்தருள்க. சட்டத்தை மீறிச் சர்க்கரை கொண்டுவருபவர்களைத் தாங்கள் பிடிக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தே இல்லை. உலர்நிலை அளவை எல்லா அறிக்கைகளிலும் கட்டாயமாக்கும் வழிகாட்டுதலை எச்.எஸ். குழு வெளியிட வேண்டும் என்றும், மறு ஆய்வுக்காக முதல் நாளிலேயே ஒரு மாதிரியைக் காற்றுப் புகாதபடி முத்திரையிட்டு வைக்க ஒவ்வொரு நிர்வாகமும் உத்தரவிட வேண்டும் என்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்த வழிகாட்டுதல் வரும் வரை, நிறத்தை மட்டும் காரணம் காட்டிச் சரக்குகளை நிறுத்தி வைக்க வேண்டாம் என்றும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சர்க்கரை இறக்குமதித் தொழிலில் உள்ள ஒருவர்