குன்னூருக்கு ஒரு பிரெட் கடிதம்

மதுரை

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியாச்சு என்றும், உனக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது என்றும் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறாய். குழந்தைக்கு எங்கள் ஆசி. உன்னை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

வீட்டிலேயே பிரெட் செய்வது எப்படி என்று கேட்டிருந்தாயே, அதற்கு வருகிறேன். நியூயார்க்கில் ஜிம் லாஹே என்று ஒரு பேக்கரிக்காரர். பிசையவே வேண்டாத பிரெட் ஒன்றை அவர் செய்துகாட்ட, 2006-ல் நியூயார்க் டைம்ஸில் அது வெளிவந்து உலகம் முழுக்கப் பரவிவிட்டது. நான் செய்வதும் அந்த வழிதான். அரைக் கிலோ மாவு, 350 மில்லி தண்ணீர், 10 கிராம் உப்பு, கால் டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட். கரண்டியால் கலக்கி மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். மாவில் உள்ள புரதம் ஊற ஊறத் தானே பின்னிக்கொள்கிறது. கை வலிக்கப் பிசைய வேண்டிய வேலை அதோடு முடிந்தது.

ஆனால் எவ்வளவு நேரம் என்பதில்தான் சூட்சுமம். அவர் சொல்வது 12 முதல் 18 மணி நேரம். உன் குன்னூர்க் குளிருக்கு அது பொருந்தும். இங்கே சித்திரை வெயிலில் ராத்திரி கலக்கி வைத்தால் விடிவதற்குள் பொங்கி வழிந்து, கள்ளு வாடை அடிக்கும். அதனால் கோடையில் ஐஸ் தண்ணீர் ஊற்றுகிறேன், ஈஸ்டையும் ஒரு சிட்டிகையோடு நிறுத்திவிடுகிறேன். நீயும் கடிகாரத்தை நம்பாதே, மாவைப் பார். மேலெல்லாம் குமிழி கட்டியிருக்க வேண்டும், பாத்திரத்தைச் சாய்த்தால் ஓரத்தில் இழை இழையாக இழுபட வேண்டும். தங்கச்சியைக் கூப்பிட்டுக் காட்டு. இத்தனை வருஷம் இட்லி மாவுக்கு நேரம் பார்த்தவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

மாவைத் திரட்டி உருட்டி, ஒன்றிரண்டு மணி நேரம் விட்டு வை. ஓடிஜி என்கிற மின்சார ஓவனை 230 டிகிரியில் வைத்து, கனத்த வார்ப்பிரும்புச் சட்டியை மூடியோடு உள்ளேயே அரை மணி காயவிடு. பிறகு மாவை அதில் சரித்து மூடிவிடு. முதல் அரை மணி திறக்கவே கூடாது. மாவிலிருந்து கிளம்பும் ஆவி உள்ளேயே நின்றால்தான் மேல்தோல் சீக்கிரம் இறுகாமல் பிரெட் நன்றாக எழும்பும். அப்புறம் மூடியை எடுத்துவிட்டு இருபது நிமிஷம், செக்கச் செவேலென்று ஆகும்வரை. வெளியே எடுத்ததும் காதைக் கிட்டே கொண்டுபோ. தோல் ஆறும்போது சடசடவென்று வெடிக்கிற சத்தம் கேட்கும். எனக்கு அந்தச் சத்தத்துக்காகவே செய்யலாம் போலிருக்கும். சூட்டோடு வெட்டினால் உள்ளே பிசுபிசுக்கும், ஒரு மணி நேரம் பொறு.

சர்க்கரைக்காரன் என்பதால் ஒன்று சொல்கிறேன். பாதி மைதா, பாதி ஆட்டா போடு. ஆட்டா தண்ணீரை அதிகம் குடிக்கும், கொஞ்சம் கூட ஊற்று. முழுக்க ஆட்டா என்றால் தவிடு இழையை அறுத்துவிடும், பிரெட் அமுங்கிக் கனத்துப்போகும். ஆட்டா கலந்துவிட்டோமே என்று நான்கு துண்டு தின்னாதே, அதுவும் மாவுச்சத்துதான். கடையில் பிரவுன் பிரெட் வாங்குகிறாயாமே, பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படி. பலவற்றில் முதல் பெயர் மைதாதான், நிறம் கேரமல், அதாவது கருக்கிய சர்க்கரை தந்தது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவனுக்கு ஓசூருக்கு மாற்றல் வந்துவிட்டது, வீடு பார்த்துக்கொண்டிருக்கிறான். ஆவணியில் உன் மச்சினன் வீட்டுக் கல்யாணத்துக்கு வருவாய் அல்லவா, இரண்டு நாள் இங்கே தங்கிப் போ. வரும்போது உங்கள் ஊர் வர்க்கி பிஸ்கட் ஒரு கிலோ வாங்கி வா. எனக்குத்தான், நீ தொடக்கூடாது.

அன்புடன்,
ராமநாதன்