பல்லாவரத்துக் குழவிக்கல்

பல்லாவரம்
வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள முரளிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. வீட்டை விற்றுவிடலாமா என்று நீ கேட்டதற்கு உடனே பதில் எழுத மனம் வரவில்லை. இன்று சந்தைக்குப் போய்விட்டு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் வீட்டுச் சேதி. போன மழைக்கு ஓடு எதுவும் நகரவில்லை. கிணற்றடிச் சுவரில் ஒரு வெடிப்பு இருந்தது, கொத்தனாரை வைத்துப் பூசியாயிற்று. உன் அம்மா அரைத்த அம்மி பின்கட்டில் அப்படியே இருக்கிறது. குழவியைத்தான் காணோம். யார் எடுத்தார்கள், எப்போது எடுத்தார்கள் என்று தெரியவில்லை. சாவி என்னிடம் இருந்தும் இப்படி ஆனதில் எனக்கு வருத்தம்.

அப்புறம், நீ எழுதியிருந்த அந்த ஒரு வரி. எந்த ஊர் என்று யாராவது கேட்டால் சென்னை என்பாயாம். விடாமல் கேட்டால் ஏர்போர்ட் பக்கம் என்பாயாம். 'அதற்கு மேல் சொல்ல அங்கே என்ன இருக்கிறது?' என்று முடித்திருந்தாய். படித்ததும் சுருக்கென்றது. நீயும் நானும் செருப்பில்லாமல் ஓடித் திரிந்த ஊர் இது. இங்கே என்ன இருக்கிறது என்று நானாவது உனக்குச் சொல்லியாக வேண்டும்.

1863 மே 30. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரம் பரேடு மைதானத்தில் சரளைக்கல் எடுத்த குழி ஒன்றில் ஒரு கல்லைப் பார்த்துக் கையில் எடுத்தார். ஆற்றில் உருண்டு வந்த கல் இல்லை அது. இரண்டு பக்கமும் செதில் செதிலாகத் தட்டி, ஒரு முனையைக் கூராக்கி, உள்ளங்கையில் பிடிக்கத் தோதாக மனிதன் செய்த கைக்கோடரி. பழைய கற்காலக் கருவி என்று இந்தியாவில் அடையாளம் கண்டது அதைத்தான் முதலில். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அதே வருஷம் செப்டம்பரில் திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் இன்னும் பல கருவிகள் கிடைத்தன. அங்கே கிடைக்கும் கருவிகளில் மிகப் பழையவற்றுக்கு இன்று சுமார் 15 லட்சம் வருஷம் என்று கணக்குச் சொல்கிறார்கள். நம் நாட்டின் ஆதி மனிதனைத் தேடும் வேலை பல்லாவரத்துக் குழி ஒன்றில்தான் தொடங்கியது, முரளி. நாம் பம்பரம் விட்ட மண் அது.

சென்னையில் வெள்ளைக்காரனின் ஜார்ஜ் கோட்டை வந்தது 1640-ல். அதற்கும் ஆயிரம் வருஷம் முன்னால், மகேந்திரவர்மன் காலத்தில், இங்கே மலையைக் குடைந்து ஐந்து சிற்றறைகளோடு ஒரு கோயில் எடுத்தார்கள். அவனுடைய பட்டப்பெயர்கள் இன்றும் அந்தக் கல்லில் இருக்கின்றன. பல்லவபுரம்தான் பல்லாவரம் ஆயிற்று. பிற்காலத்தில் அந்தக் குடைவரை தர்காவாக மாறியது. உன் பாட்டி உனக்குக் காய்ச்சல் வந்தபோது மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டு வந்தாரே, அதே இடம். கோயிலாக வெட்டியதும் தர்காவாகக் காத்ததும் ஒரே பாறையைத்தான். எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்தது அதுதான்.

கல்லைச் சொன்னால் இதையும் சொல்ல வேண்டும். கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்திருப்பது இந்தப் பக்கத்துக் கல். 1893-ல் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அந்தக் கல்லறையை வைத்தே இந்தப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர் வைத்தார். உலகத்தில் எங்கே இந்த வகைப் பாறை கிடைத்தாலும் இன்று அதே பெயர்தான். நமக்கு அது வெறும் கருங்கல்.

அந்தக் கருங்கல்லை வெட்டி வெட்டித்தான் திரிசூலத்து மலைகள் பாதியாயின. மத்தியானம் வெடி வைத்தால் பள்ளிக்கூட ஜன்னல் அதிரும், நினைவிருக்கிறதா? வெட்டிய பள்ளத்தில் மழைநீர் நின்று கல்குட்டை ஆயிற்று. தண்ணீர் பச்சையும் நீலமுமாக, அடி தெரியாமல் கிடக்கும். குளிக்கப் போகக்கூடாது என்று அடிப்பார்கள், நாம் போவோம். ஏழாம் வகுப்பில் நம் பெஞ்சில் இருந்தவன் ஒரு சனிக்கிழமை போனவன் திரும்பவே இல்லை. இப்போதும் அந்தப் பக்கம் போனால் நான் தண்ணீரைப் பார்ப்பதில்லை.

சாவடித் தெரு வழியாக நாம் தினமும் பள்ளிக்கூடம் போனோம். கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியர் வேலையை விட்டுவிட்டு, 1911-ல் மறைமலையடிகள் வந்து குடியேறியது அந்தத் தெருவில்தான். சுவாமி வேதாசலம் என்ற தன் பெயரை 1916-ல் மறைமலை என்று மாற்றிக்கொண்டதும் இங்கே இருந்தபோதுதான். தனித்தமிழ் இயக்கம் பிறந்த தெருவில் நாம் ஐஸ் வாங்கித் தின்றுகொண்டு நடந்திருக்கிறோம். யாரும் நமக்குச் சொல்லவில்லை.

1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் விட்ட பிறகு ஊர் மெல்ல நகரத்தோடு ஒட்டிக்கொண்டது. சரி, அதில் தப்பில்லை, உன் அப்பாவும் என் அப்பாவும் அந்த ரயிலில் போய்த்தான் நம்மை வளர்த்தார்கள். ஆனால் புறநகர் என்று பெயர் விழுந்துவிட்டால், நகரத்துக்கு வேண்டாததெல்லாம் அங்கே போகலாம் என்று ஆகிவிடுகிறது. தோல் பதனிட்ட தண்ணீர் ஓடியது. பெரிய ஏரியின் நடுவே ரேடியல் ரோடு போட்டார்கள். மிச்சமிருந்த ஏரியில் வருஷக்கணக்காகக் குப்பை கொட்டினார்கள். உன் அண்ணன் தூண்டில் போட்ட கரையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது. 2021-ல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்த்த பிறகு பலகைகளிலும் பல்லாவரம் என்ற பெயர் குறைந்துகொண்டே வருகிறது. நீயும் அதைச் சொல்லாமல் விட்டால் எப்படி?

சந்தை மட்டும் மாறவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் பழைய டிரங்க் ரோட்டில் கூடுகிறது. என் தாத்தா கடைசிவரை மாட்டுச் சந்தை என்றுதான் சொன்னார். இப்போது மாட்டைத் தவிர எல்லாம் இருக்கிறது: புறா, வண்ணமீன், ரோஜாச் செடி, கருவாடு, ஒற்றைக் கால் செருப்பு, கழற்றிய சைக்கிள். இன்று ஒரு பெரியவர் கோணிமேல் துருப்பிடித்த போல்ட்டுகளை அளவுவாரியாக அடுக்கி வைத்திருந்தார். ஓரத்தில் ஒரு குழவிக்கல். தலைக்கு மேலே விமானம் போனது, அது போகும்வரை இருவரும் பேசாமல் நின்றோம். அப்புறம் அவர் சொன்னார், 'அம்மி இல்லாம இதை யாரும் வாங்க மாட்டேங்கறாங்க தம்பி.' எடுத்துப் பார்த்தேன். நடுவில் கை பட்டுப் பட்டு வழவழவென்று இருந்தது. யாரோ ஒரு அம்மா முப்பது நாற்பது வருஷம் அரைத்திருக்க வேண்டும்.

வாங்கிக்கொண்டு நேரே உன் வீட்டுக்குப் போய் அம்மிமேல் வைத்துப் பார்த்தேன். நீளம் சரியாக இருக்கிறது. அம்மிதான் தேய்ந்து வழுக்குகிறது, கொத்த வேண்டும். தெருவில் அம்மி கொத்துகிற குரல் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. குரோம்பேட்டையில் ஒருவர் இருக்கிறாராம், விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

விற்பது உன் விருப்பம். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வியாழக்கிழமை ராத்திரி ரயிலேறி வா. மறுநாள் சந்தைக்குப் போவோம், தர்கா மலை ஏறுவோம். வரும் தேதியை முன்கூட்டி எழுது, அதற்குள் அம்மியைக் கொத்தி வைக்கிறேன்.

உன்,
சுந்தரம்