நான் எண்ணிய நொடிகள்

எடிசன், நியூ ஜெர்சி
6 ஏப்ரல் 2025

அன்புள்ள கண்ணனுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிம்மா, பார்க்கிறேன்" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் கடிதம். அவசரமில்லாமல் உட்கார்ந்து படி.

பட்டாளத்தில் வந்த நோய்க்கு உதவித்தொகை கேட்டு நீ போட்ட விண்ணப்பத்தை நிராகரித்து, வெட்டரன்களுக்கான (முன்னாள் ராணுவத்தினருக்கான) அமெரிக்க அரசுத் துறை அனுப்பிய கடிதத்தை நீ படம் எடுத்து அனுப்பினாயே, அதை அக்காவும் நானும் சாப்பாட்டு மேஜையில் வைத்து வரி வரியாகப் படித்தோம். "முடிஞ்சு போச்சும்மா, விடு" என்றாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உனக்கு ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய், இல்லை என்று அதில் எங்குமே இல்லை. 2023-இல் எடுத்த தூக்கப் பரிசோதனையை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். மணிக்கு 34 தடவை மூச்சு தடைபடுகிறது என்பதும் அதிலேயே இருக்கிறது. அவர்கள் கேட்பது ஒன்றைத்தான்: பட்டாளத்தில் இருந்தபோதே இது இருந்தது என்பதற்கு என்ன ஆதாரம்? ராணுவ மருத்துவப் பதிவில் ஒரு வரிகூட இல்லையே?

பதிவில் இல்லைதான். ஆனால் நான் பார்த்திருக்கிறேன்.

2011 ஜூலை. ஆப்கானிஸ்தானில் பாக்ராம் ராணுவத் தளத்திலிருந்து திரும்பி இரண்டு வாரம் லீவில் வந்திருந்தாய். மாடியில் புழுக்கமாக இருக்கிறது என்று ஹாலில் பாய் விரித்துப் படுத்தாய். ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தேன். சமையலறை வரைக்கும் குறட்டை கேட்டது. சட்டென்று நின்றது. சரி, அசந்து தூங்குகிறான் என்று நினைத்தேன். டம்ளரோடு பக்கத்தில் வந்து பார்த்தால் உன் நெஞ்சு ஏறி இறங்குகிறது, மூக்கில் காற்றே இல்லை. கடிகாரத்தின் நொடி முள்ளைப் பார்த்து எண்ணினேன். இருபதைத் தாண்டியது. அப்புறம் கிணற்றில் முங்கியவன் மேலே வந்ததுபோல ஒரு பெரிய இழுப்பு. கண் திறக்காமலே புரண்டு படுத்தாய். மறுபடியும் குறட்டை, மறுபடியும் நிசப்தம். தரையில் உட்கார்ந்து விடியும்வரை உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் தலைவலி என்று காபி கேட்டாய். டம்ளர் கையில் இருக்கும்போதே சோபாவில் தூங்கிப்போனாய்.

நீ ஹைஸ்கூல் படித்த நாளெல்லாம் நாம் இரண்டு ரூம் அபார்ட்மென்டில்தான் இருந்தோம். உன் தூக்கம் எனக்குத் தெரியும். அப்போது இது கிடையாது.

போன செவ்வாய்க்கிழமை நம் கவுன்ட்டியில் வெட்டரன்களுக்கு விண்ணப்பத்தில் உதவும் அலுவலரைப் போய்ப் பார்த்தோம். காசு எதுவும் வாங்குவதில்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "நீங்கள் ஒரு சாட்சி" என்றார். நான் டாக்டர் இல்லை, அதனால் நோயின் பெயரைச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் சொல்லத் தகுதி உண்டு. அதற்கென்றே 21-10210 என்று ஒரு படிவம் இருக்கிறது.

இனி சொல்வதைக் கவனமாகப் படி. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த மேல்முறையீட்டுச் சட்டப்படி உனக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. மூத்த அதிகாரி ஒருவர் கோப்பைத் திரும்பப் பார்ப்பது ஒன்று. அதில் புது ஆதாரம் எதையும் சேர்க்க முடியாது, அதனால் என் சாட்சியம் அங்கே செல்லாது. அந்த வழியில் போய்விடாதே. வாஷிங்டனில் இருக்கும் மேல்முறையீட்டு வாரியம் இன்னொன்று, அங்கே காத்திருப்பு நீளம். நமக்கு ஏற்றது துணை விண்ணப்பம், படிவம் 20-0995. புதிதான, விஷயத்தோடு சம்பந்தப்பட்ட ஆதாரம் இருந்தால் போதும். உனக்கு வந்த கடிதத்தின் தேதி நவம்பர் 18. ஒரு வருஷத்துக்குள் போட்டுவிட்டால், நீ முதலில் விண்ணப்பித்த தேதி அப்படியே நிற்கும். ஜெயித்தால் அந்தத் தேதியிலிருந்து கணக்குப் பார்த்துத் தருவார்கள். தவறவிட்டால் அத்தனை மாதமும் போச்சு.

இன்னொன்றும் சொன்னார், நமக்கு இது தோன்றவே இல்லை. பாக்ராமில் குப்பை எரிக்கும் குழிப் புகையால் வந்தது என்று உன் மூக்கடைப்பை ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், பி.டி.எஸ்.டி. என்கிற போர் அதிர்ச்சியின் மனப் பாதிப்புக்கும் 50 சதவீத ஊன மதிப்பீடு தந்திருக்கிறார்கள். 2022-இல் வந்த பேக்ட் சட்டத்தில், இந்தப் புகையால் வந்ததாகவே எடுத்துக்கொள்ளும் நோய்களின் பட்டியலில் நாள்பட்ட மூக்கு அழற்சி இருக்கிறது, ஸ்லீப் ஆப்னியா இல்லை. ஆனால் ஏற்கப்பட்ட ஒரு நோயால் இன்னொன்று வந்தாலோ மோசமானாலோ அதையும் கேட்கலாம். நீ அப்படிக் கேட்கவே இல்லை. உன் தூக்க டாக்டரிடம் போ. இந்த இரண்டில் ஏதாவது ஒன்றால் இது வந்திருக்கவோ மோசமாகியிருக்கவோ பாதிக்குப் பாதி வாய்ப்பாவது உண்டா என்று கேள். உண்டு என்றால், காரணத்தோடு எழுதி வாங்கு. காரணம் இல்லாத ஒற்றை வரியால் பிரயோஜனம் இல்லையாம். நூறு சதவீத நிச்சயம் யாரும் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் சமமாக நின்றால் வெட்டரனுக்குச் சாதகமாகவே முடிவு செய்யவேண்டும் என்பது சட்டம்.

அப்புறம், உன் பாரக்ஸ் அறையில் இருந்த அந்த ஓஹையோ பையன். உன் சத்தம் தாங்காமல் பூட்ஸைத் தூக்கி எறிவான் என்று நீதான் சொல்லியிருக்கிறாய். அவனைத் தேடிப் பிடி. மீனா உன்னைக் கட்டிக்கொண்டது 2017-இல், நீ பட்டாளத்தை விட்டு நாலு வருஷம் கழித்து. இன்றைய நிலைமையை அவள் சொல்லலாம். அன்றைக்கு நடந்ததைச் சொல்ல அவனும் நானும்தான் இருக்கிறோம்.

நீ ஏன் தயங்குகிறாய் என்று எனக்குத் தெரியும். "கால் போனவன் இருக்கான், குறட்டைக்கு நான் காசு கேட்கவா?" என்றாய். அந்த வார்த்தை எனக்கு இன்னும் வலிக்கிறது. குறட்டைக்கு யாரும் தருவதில்லை, கண்ணா. மூச்சு நின்று நின்று வருகிறது, மாஸ்க் வழியாகக் காற்றைச் செலுத்தும் சிபேப் மெஷின் இல்லாமல் நீ தூங்கக் கூடாது என்று டாக்டர் எழுதியிருக்கிறார். அந்த மெஷின் தேவைப்படுகிறவர்களுக்கு இன்றைய விதிப்படி 50 சதவீதம். அந்த விதியை மாற்றப்போவதாக 2022-இலேயே அறிவித்தார்கள், இன்னும் மாற்றவில்லை. காத்திருக்காதே என்று சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். உனக்குக் கொடுப்பதால் அந்தக் கால் போன பிள்ளைக்கு ஒரு டாலர்கூடக் குறையாது. ஒருவர் பங்கை எடுத்து இன்னொருவருக்குத் தருகிற ஏற்பாடில்லை இது. பத்தொன்பது வயதில் நல்ல மூச்சோடு உன்னை அனுப்பிவைத்தேன். கேட்பதற்கு உனக்கு எல்லா உரிமையும் உண்டு.

என் சாட்சியத்தைத் தமிழில் எழுதினேன், அக்கா ஆங்கிலத்தில் மாற்றித் தந்தாள். பார்த்ததைத் தவிர ஒரு வார்த்தை கூட்டவில்லை. எத்தனை நொடி என்று சரியாக நினைவில்லாத இடத்தில் நினைவில்லை என்றே எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன், பத்திரம். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது டாக்டரிடம் என்றைக்கு அப்பாயின்ட்மென்ட் என்று கேட்பேன்.

நடு ராத்திரியில் மாஸ்க்கைக் கழற்றிப் போட்டுவிடுகிறாய் என்று மீனா சொன்னாள். பட்டை கன்னத்தில் உறுத்துகிறதாமே. அப்பாவின் பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து இரண்டு உறை தைத்திருக்கிறேன், அதே கவரில் இருக்கிறது. பட்டையில் மாட்டிப் பார். அளவு சரியில்லை என்றால் சொல், வேட்டி இன்னும் மிச்சம் இருக்கிறது.

அன்புடன்,
அம்மா