யாழ்ப்பாணத்தின் மூன்று ஆசனங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இலங்கையின் 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் யாழ்ப்பாணம் இன அடையாளத்தை உதறிவிட்டது என்று இன்னமும் எழுதுகிறார்கள். ஆசனக் கணக்கை மட்டும் பார்ப்பதால் வரும் பிழை இது.

தெற்கைத் தளமாகக் கொண்ட தேசிய மக்கள் சக்தி அங்கே பெற்றது 80,830 வாக்குகள். செல்லுபடியானவற்றில் ஏறக்குறைய நாலில் ஒன்று. கிடைத்ததோ ஆறில் மூன்று ஆசனங்கள். முதலிடம் வந்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் போய்விடும். பிறகு ஐந்து வீதத்துக்குக் குறைந்தவர்களின் வாக்குகளைக் கழித்து, எஞ்சியதை ஐந்தால் வகுப்பார்கள்: ஆசனம் ஒன்றுக்குச் சுமார் 48,000. அதைத் தாண்டியது தேசிய மக்கள் சக்தியும், 63,327 பெற்ற தமிழரசுக் கட்சியும்தான். ஆளுக்கு ஒன்று. மிச்ச மூன்றும் மீதி வாக்கு அதிகம் உள்ளவர்களுக்கு. சுமார் 32,800 மீதியோடு தேசிய மக்கள் சக்தி மறுபடி முன்னே நின்றது; 27,986 எடுத்த தமிழ்க் காங்கிரஸும் 27,855 எடுத்த சுயேச்சைக் குழுவும் அடுத்து. தமிழ்க் கட்சிகள் பிரிந்து நின்றதற்குக் கொடுத்த விலை இது. மட்டக்களப்பில் தமிழரசுக் கட்சி முதலிடம் வந்தது, போனஸும் அதற்கே, ஐந்தில் மூன்று ஆசனம்.

மாற்றமே இல்லை என்று நான் சொல்லவில்லை. செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் தேசிய மக்கள் சக்தியின் தலைவர் அநுர குமார திசாநாயக்க யாழ். மாவட்டத்தில் பெற்றது 27,086 மட்டுமே. இரண்டே மாதத்தில் மும்மடங்கு ஆனது உண்மையான நகர்வு.

ஆனாலும் வடக்கில் இன அடையாளம் யாரை ஆதரிப்பது என்பதைவிட யாரை மறுப்பது என்பதையே தீர்மானித்து வந்திருக்கிறது. போரை நடத்திய இராணுவத் தளபதி சரத் பொன்சேகாவுக்கே 2010 ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாணம் பெரும்பான்மை கொடுத்தது. எதிரே நின்றவர் போர்க்கால ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ. 2015இல் மைத்திரிபால சிறிசேன, 2019இல் 80 வீதத்துக்கும் மேலாக சஜித் பிரேமதாச; இரண்டு முறையும் எதிரே நின்றவர் ஒரு ராஜபக்ஷதான். ஆள் மாறினார், மறுப்பு மாறவில்லை. 2024 செப்டெம்பரில் வெல்லக்கூடிய ராஜபக்ஷ யாரும் களத்தில் இல்லை. உடனே வாக்கு சிதறியது: சஜித்துக்கு 121,177, தமிழ்ப் பொதுவேட்பாளர் அரியநேத்திரனுக்கு 116,688, அப்போதைய ஜனாதிபதி ரணிலுக்கும் கணிசம்.

தேர்தல் முடிவுகளை அச்சிடும்போது ஆசனங்களுக்குப் பக்கத்தில் கட்சிவாரி வாக்குகளையும் வீதத்தையும் கட்டாயம் போடுங்கள்.

வாசகர் ஒருவர்